சுருளின் கடைசிப் படம்

மஞ்சள் கேட் வீட்டுப் பெரியவர் பழைய இரட்டைக் கண் கேமரா ஒன்றைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாராம். மனைவி போனதிலிருந்து வீட்டுச் சாமான்களை வந்தவர் போனவருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிறாராம். பல் மருத்துவமனைக்கு வந்த ஒரு அம்மாள், வாயைப் பிளந்து படுத்திருந்த நேரம் போக மிச்ச நேரத்தில் நர்ஸிடம் சொன்ன சேதி இது. நர்ஸ் அதைப் பல் அச்சு எடுத்துப் போகிற டெலிவரி ஆளிடம் சொன்னாள். அவன் அச்சுகளை மேசையில் வைத்த கையோடு பெட்டிக்காரரிடம் சொல்லிவிட்டான்.

பெட்டிக்காரருக்குப் பொய்ப்பல் செய்வது தொழில்; பழைய கேமராப் பெட்டிகளைச் சேர்ப்பதால் வந்தது அந்தப் பெயர். அச்சு வரும், பல் போகும்; அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு சிரிக்கிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அதில் அவருக்குக் குறையும் இல்லை. ஆளைப் பார்த்துப் பேசுவதென்றாலே தொண்டை அடைக்கிற மனிதர். கேமரா வாங்கப் போகும்போது மட்டும் எங்கிருந்தோ வாய் முளைத்துவிடும்.

அவர் வாங்குவது எல்லாக் கேமராவும் அல்ல. மூன்று விரல் அகல ஃபிலிம் சுருள், முதுகில் கறுப்புக் காகிதம் ஒட்டியது, அதைப் போடுகிற பெரிய கேமராக்கள் மட்டும்தான். மீடியம் ஃபார்மட் என்பார்கள். அப்படிப்பட்டவை விருந்தாளி அறை அலமாரி முழுக்க, மாத்திரை டப்பாக்களிலிருந்து சேர்த்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு இடம் விட்டு, மனைவியின் தையல் மெஷின் குளியலறைக் கதவோரம் போய்ச் சேர்ந்திருந்தது.

"விருந்தாளி வந்தா எங்க படுப்பாங்க?" என்று மனைவி கேட்பாள்.

"நமக்கு யாரு வர்றா?"

"அதுவும் சரிதான். வந்தவங்களத்தான் நீங்க பேசாமயே விரட்டிடுறீங்களே."

இத்தனை கேமராக்களில் ஒன்றிலாவது அவர் படம் எடுத்தாரா என்றால், இல்லை. துடைப்பார், ஷட்டரைத் தட்டுவார், அந்தச் சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்பார், திரும்ப வைப்பார். சுருள் வாங்கிப் போட்டு வீணாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆனால் சேகரிப்பாளர்களின் தொலைபேசிக் குழுவில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான்: பிறர் வீட்டுக் கேமராவைக் கையில் வாங்கினால் எதையும் தட்டாதே, முதலில் சுற்றுகிற குமிழை லேசாகத் திருகிப் பார், இறுக்கம் தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கிறது. ஒரு பையன் அதை மறந்துவிட்டு வந்து சொன்னபோது, அவனை எல்லார் எதிரிலும் எழுத்தில் வறுத்தெடுத்தவர் அவர்.

மஞ்சள் கேட் வீட்டில் கேமரா கதவுக்கு முட்டாக இல்லை. அலமாரியின் உள்தட்டில், வெளுத்த துண்டு ஒன்றில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பெரியவர் அதைக் குழந்தையைக் கை மாற்றுவது போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பாருங்க தம்பி. நான் போய்த் தண்ணி கொண்டாறேன்."

மனிதர் அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பெட்டிக்காரருக்குக் கை பரபரத்தது. நல்ல சரக்கு. லென்ஸில் பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. நடையின் மங்கிய வெளிச்சத்தில் லென்ஸை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு, பக்கத்து நெம்புகோலை இழுத்து, ஷட்டரைத் தட்டினார். லென்ஸுக்குள் மெல்லிய இதழ்கள் விரிந்து மூடின. மெதுவான வேகத்தில் வைத்து இன்னொரு தரம். அந்தக் கரகரப்பு எவ்வளவு இதமாக இருந்தது! கண்ணாடி போட்ட கண்ணை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய் மூன்றாம் தரம் தட்டியபோதுதான் பார்த்தார். இதழ்கள் விரிந்த இடத்தில் வெறும் இருட்டு தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ பளபளத்தது.

சுருள்.

"தம்பி, சொல்ல மறந்துட்டேன்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அதுக்குள்ள சுருள் இருக்கு. பாத்துங்க, என்ன?"

"சரிங்கய்யா," என்றார் பெட்டிக்காரர்.

பெரியவர் தண்ணீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பேசுவதற்கு ஆள் கிடைக்காத வீடு என்பது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டதிலேயே தெரிந்தது.

"இது அவ கேமரா. ஸ்கூல்ல டீச்சரா இருந்தா. ஒருத்தரையும் விட்டதில்ல. தபால்காரர், பக்கத்து வீட்டு நாய், எல்லாரையும் நிக்க வச்சு எடுத்துடுவா. அவளைத்தான் யாரும் எடுக்கல. எடுத்தவ கைதானே எப்பவும் பொட்டிக்குப் பின்னால?"

"ஆமாங்கய்யா."

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில, 'நீ ஒண்ணு எடு பாப்போம்'னா. நான் இதைத் தொட்டதே இல்ல தம்பி. சொல்லிக் குடுத்தா. அந்த ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டா. எடுத்துட்டேன்! அப்புறம் திருகணுமாமே, அதை மறந்துட்டேன். 'திருகாம விட்டா அது மேலயே இன்னொண்ணு விழும்யா, மண்டு'ன்னு சிரிச்சா. நேரமாச்சுன்னு கிளம்பிட்டோம். அப்படியே துண்டுல சுத்தி வச்சதுதான்."

பெட்டிக்காரர் தண்ணீரைக் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டே இருந்தார். 'ஐயா, நான் தெரியாம தட்டிட்டேன்.' நாலு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

"உங்களுக்குத்தான் தெரியுமே, அந்தச் சுருளைக் கழட்டிக் குடுத்துடுங்க," என்றார் பெரியவர். "மக இருக்கிற ஊர்ல ஒரு ஸ்டூடியோவுல இன்னும் கழுவறாங்களாம். நாளைக்கே அனுப்பிடறேன்."

பெட்டிக்காரர் சுருளைக் கடைசிவரை சுற்றி, வெளியே எடுத்து, காகிதத்தை இறுக்கி ஒட்டினார். அவ்வளவு பதவிசாக ஒட்டினார், என்னவோ இனிமேல்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது போல. கையில் இருந்தபோது ஒரு கெட்ட யோசனை வந்தது.

"நானே கழுவித் தரட்டுங்களாய்யா? எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பிக்கிட்டு?"

கழுவுகிற எண்ணமே அவருக்கு இல்லை. சுருள் கெட்டுப்போயிருந்தது என்று ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் கேட்டார்.

"உங்க நல்ல மனசு தம்பி. வேணாம், மக ஆசைப்படுறா." பெரியவர் சுருளைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். "கேமராவ நீங்க எடுத்துக்குங்க. காசெல்லாம் பேசாதீங்க. இவ்வளவு அக்கறையா கையில பிடிக்கிற ஆளுகிட்டதான் இது போகணும். படம் வந்ததும் போன் பண்றேன், நீங்களும் பாக்கணும்."

வாங்கிக்கொண்டு வந்தார். வழியில் எங்கேயாவது வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டில் அதை அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. துணிக் கூடைக்குப் பின்னால் வைத்தார்.

என்ன விழுந்திருக்கும்? அதுதான் அவரை அரித்தது. ஒருவேளை ஒன்றும் விழுந்திருக்காது. மூன்று தட்டுத்தானே? வெளிச்சமும் கம்மி. இப்படியே தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தார். அது எடுபடவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சுருள் வாங்கி, அதே மாதிரிக் கேமரா ஒன்றில் போட்டார். மனைவியைக் கூப்பிட்டு, "ஜன்னல் பக்கம் கொஞ்சம் நில்லு" என்றார்.

"என்னையா?"

"உன்னத்தான்."

அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு உள்ளே போய் நல்ல உடுப்பாக மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். தைக்கும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடியைக் கழற்றி முதுகுப்புறம் ஒளித்துக்கொண்டாள். "சிரிக்கவா, வேணாமா?" என்று கேட்டாள். பெட்டிக்காரர் அதற்குள் எடுத்துவிட்டார். அவள் அடுப்பைப் பார்க்கப் போன பிறகு நடையில் நின்றுகொண்டு, லென்ஸைத் தன் முகத்துக்குத் திருப்பி, அன்று தட்டிய அதே வேகங்களில் மூன்று தரம் தட்டினார்.

குளியலறையில் துணியை அடைத்து இருட்டாக்கிக் கழுவி, கொடியில் தொங்கவிட்டு, நெகட்டிவைக் கைபேசியில் படமெடுத்து வெள்ளையைக் கறுப்பாக மாற்றிப் பார்த்தார்.

ஜன்னல் இருந்தது. திரைச்சீலை இருந்தது. மனைவியின் கைகளும் நல்ல உடுப்பும் தெளிவாக இருந்தன. கழுத்துக்கு மேலே வெளுத்த புகை மாதிரி ஒரு பெரிய முகம், அதில் இரண்டு வட்டக் கண்ணாடி. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆசையை அவரே முதன்முறையாக அப்போதுதான் பார்த்தார். சந்தையில் பழத்தை நசுக்கிப் பார்க்கிறவனின் முகம்.

பின்னால் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஐயே, பேய் மாதிரி! எங்க என் மூஞ்சி?" சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "என்னாச்சு உங்களுக்கு?"

சொன்னார். துண்டு, ஜன்னல், டீச்சர், மூன்று தட்டு, கழுவித் தருகிறேன் என்ற பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் நெகட்டிவை இன்னொரு தரம் பார்த்தாள்.

"அப்ப என்னைய வச்சு ஒத்திகை பாத்தீங்களா?"

அவருக்கு இந்தப் பக்கம் தோன்றவே இல்லை.

"தலைய வாரிக்கிட்டு வந்து நின்னேனே," என்றாள். கோபமாக இருந்தால்கூடத் தேவலை, மெதுவாகச் சொன்னாள். "சரி, என்னை விடுங்க. அந்த மனுஷன் ஸ்டூடியோ கவரைப் பிரிச்சதும் பொண்டாட்டி மூஞ்சிய தேடுவார். உங்க மூஞ்சி வந்து நிக்கும். அவரா பாக்கறதுக்குள்ள போன் பண்ணிச் சொல்லுங்க."

"இப்ப தூங்கற நேரமா இருக்கும்."

"விளக்கு வைக்கற நேரத்துல எவன் தூங்குவான்?"

"காலையில பண்றேன்."

காலையில் பண்ணவில்லை. அதற்கடுத்த காலையிலும் பண்ணவில்லை. பல் கடைந்துகொண்டே வாக்கியங்களைச் செய்து பார்த்தார். 'ஐயா, பழைய சுருள் பாருங்க, சில சமயம் தானாவே கெட்டுடும்.' இது வழவழவென்று வந்தது; பெரியவர் நம்பவும் நம்புவார், ஆறுதலும் சொல்வார். 'ஐயா, அன்னிக்கு நான்...' இது அதற்கு மேல் நகரவே இல்லை. வீட்டில் மனைவி கேட்பதை நிறுத்தியிருந்தாள். தட்டை வைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பாள், அவ்வளவுதான். தொலைபேசிக் குழுவில் யாரோ புதியவன், "வாத்தியாரே, பழைய கேமரா கைக்கு வந்தா முதல்ல என்ன பாக்கணும்?" என்று கேட்டிருந்தான். அதற்கும் அவர் பதில் போடவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கீழ்த்தாடைப் பல்வரிசை ஒன்றுக்கு மெழுகு இழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மெழுகுக் கத்தியோடு எட்டிப் பார்த்தார். மஞ்சள் கேட் என்று தெரிந்தது.

கவர் வந்துவிட்டதா? பார்த்துவிட்டாரா? பார்த்து, யாரென்று அடையாளம் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறாரா? இல்லை, 'நாளைக்கு வருதாம் தம்பி, நீங்களும் வந்துடுங்க' என்று சொல்லக் கூப்பிடுகிறாரா? பிரிக்காமல் இருந்தால் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிரித்துவிட்டிருந்தால், இனி சொல்வதற்குப் பெயர் ஒப்புக்கொள்வது அல்ல, பிடிபடுவது.

"அண்ணே, போன்," என்றாள் பக்கத்து மேசையில் பல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்த பெண். "யாரு, கடன்காரனா? இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"இல்லம்மா."

"அப்ப எடுங்களேன். பாவம், எவ்வளவு நேரம் அடிக்கறாரு."

ஒருமுறை அடித்து ஓய்ந்தது. பெட்டிக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். விரல்களில் அப்பியிருந்த மெழுகைத் துணியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு. தொண்டையைச் செருமி, "ஐயா, அன்னிக்கு நான்" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. கையை நீட்டினார். அது அடித்துக்கொண்டே இருந்தது.