தலையணைக்கு அடியில் இருந்த கத்தி

என்னிடம் மூன்று கத்திகள் உண்டு. காய்க்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. கள்ளக்குறிச்சியில் தனியாகக் குடிவந்த வாரம், பயத்தில் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தது மூன்றாவது.

இன்று மாலை வேலை முடிந்து வந்தால் அந்தக் கத்தி வாசற்படியில் கிடக்கிறது. கதவில் பூட்டு அப்படியே தொங்குகிறது. பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

பக்கத்திலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"மலையில இருந்து பலாப்பழம் வந்துச்சும்மா, அறுக்க எடுத்தேன். கத்திய கையில குடுத்தா சண்டை வரும், அதான் கீழ வெச்சேன்."

"வூடு பூட்டியிருந்துச்சேங்க?"

"எங்கிட்ட ஒரு சாவி இருக்குதே. உன் கத்தி மூணுல தலகாணிக்கு அடியில இருக்கறதுதான் நல்ல கூரு."

சுளை இனிப்பாகத்தான் இருந்தது.

புதுப் பூட்டு வாங்கி வந்துவிட்டேன். சண்டை வராமல் அதை மாட்டுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.