முகம் எடுக்கும் லென்ஸ்

மரக்காணம் உப்பள வரப்பில் நிற்கிறேன். பையில் இரண்டு பழைய சோவியத் லென்ஸ்கள். இன்று ஒருநாள் எடுத்துப் பார்க்கச் சொல்லிப் புதுச்சேரிக் கடைக்காரர் கொடுத்தவை. ஒன்றைத்தான் வாங்க முடியும். ஹீலியோஸ் மலிவு, கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். என் மனசு ஜூப்பிட்டர் மேல். அது முகத்தை மட்டும் நிறுத்திவிட்டு, பின்னால் இருப்பதையெல்லாம் பாலாய்க் கரைத்துவிடும்.

உப்பு வாரிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர், துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்பப் படம் கேட்கிறார். ஜூப்பிட்டரில் எடுத்துக் காட்டுகிறேன். புருவத்து வியர்வைகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது சார். உப்பு எங்க?"

"பின்னாடி மங்கலாத்தான் வரும்க்கா. இது முகம் எடுக்குற லென்ஸ்."

"என் மூஞ்சியத்தான் தெனம் வீடியோ கால்ல பாக்குறானே. இந்தப் பாத்தியக் காட்டும்மான்னு கேக்குறான். என் போன்ல வெயிலுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டுது."

ஹீலியோஸை மாட்டுகிறேன். அவர் கேமராவுக்கு முன்னாலிருந்து தாமாகவே விலகி, பாத்தியின் கோடியைக் கை காட்டுகிறார்.

"அந்த மூலை விழுதா பாருங்க. அங்கதான் அவன் நின்னு வாருவான்."

யாரும் இல்லாத அந்த மூலையில் ஃபோகஸை நிறுத்துகிறேன்.