வெண்பா நின்று கேட்காத காலை

ஜூலை மாதத்திலிருந்து வெண்பா ஒரு துணிப்பெட்டிக்குள்தான் குடியிருந்தாள். டெக்ஸாஸில் மெடிக்கல் காலேஜ், கடைசி வருஷம். எமர்ஜென்சி டாக்டராக வேண்டுமென்றால் சொந்தக் காலேஜ் ஆஸ்பத்திரி மட்டும் போதாது. வெளியூர் ஆஸ்பத்திரிகளில் மாதத்துக்கு ஒன்றாகப் போய் நின்று, ஓடி, சிரித்து, ‘இந்தப் பெண் தேறுவாள்’ என்று அங்குள்ள பெரிய டாக்டர் கையால் ஒரு கடிதம் வாங்க வேண்டும். கடிதம் சரியில்லை என்றால் மேற்கொண்டு பயிற்சிக்கு இடம் கிடைக்காது. இதில் இன்னொரு கொடுமை, கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று பார்க்க மாட்டேன் என முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்பார்களே, அதே கதைதான். இங்கே மாதம் முழுக்கப் பெண் பார்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் மாதம் கலிபோர்னியா. லிவர்மோரில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை. தினமும் மலை தாண்டிக் கார் ஓட்டம். கடைசி நாளில் அங்கிருந்த டாக்டர், “நல்ல பெண். கைதான் மெதுவு” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை அவளைப் பேய் மாதிரி பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வெண்பா எங்கும் நடக்கவே இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்து நீட்டியிருக்கும்.

ஆகஸ்டில் நியூ ஜெர்சி. இந்தக் கடிதமாவது நன்றாக வந்தாக வேண்டும். தங்கியது பிளெய்ன்ஸ்பரோவில், அம்மா வசந்தாமணியோடு ஈரோட்டில் ஒன்றாகப் படித்த கலாவதியின் அபார்ட்மென்டில். கலாவதியின் கணவர் பசுபதி, நியூயார்க்கில் ஒரு பாங்கில் கம்ப்யூட்டர் வேலை. காலை ரயிலுக்குப் போனால் இருட்டும் நேரம்தான் திரும்புவார். மகன் வேறு மாநிலத்தில் படிக்கிறான். அவன் அறை வெண்பாவுக்கு.

கலாவதிக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். லிஃப்டில் யாரைப் பார்த்தாலும், “எங்க வீட்டு டாக்டர்” என்று அறிமுகப்படுத்தினாள். லாண்டரி ரூமில் ஓர் அங்கிள் முழங்காலைக் காட்டினார். மூன்றாவது மாடி ஆன்ட்டி சுகர் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “நாட் எ டாக்டர் யெட், ஆன்ட்டி” என்று வெண்பா முதலில் திருத்தினாள். நாலைந்து பேருக்குப் பிறகு விட்டுவிட்டாள். நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாக இருந்தது. ஊரெல்லாம் வாய் நிறைய டாக்டர் என்று கூப்பிடும்போது யாருக்குத்தான் கசக்கும்?

கடைசி ஷிஃப்ட் ஒரு வியாழக்கிழமை. அன்று பொறுப்பில் இருந்தது டாக்டர் மெக்கென்னா. கடிதம் எழுதப்போகிறவளும் அவள்தான். காலை ஆறு மணிக்கு வெண்பா ஒரு காலில் ஷூவும் வாயில் இட்லியுமாக நின்றாள். கலாவதி டிபன் பாக்ஸை நீட்டினாள்.

“கண்ணு, விடியக்காலைல இருந்து தாடையெல்லாம் இழுக்கற மாதிரி இருக்குது. முதுகும் ஒரே பாரமா இருக்கு. ராத்திரி மொச்சக்கொட்டக் குழம்பு சாப்பிட்டேன்ல, கேஸாத்தான் இருக்கும், என்ன?”

“யா ஆன்ட்டி, ப்ராபப்ளி கேஸ்.”

“அப்ப ஓமத்தண்ணி குடிச்சுக்கறேன்.”

“குட் ஐடியா” என்றபடி வெண்பா இன்னொரு ஷூவை மாட்டினாள். தலையைத் தூக்கி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அதில் ஒரு பெருமை வேறு.

ஒன்பதரைக்கு ஓர் அம்மாள் பல் வலி என்று வந்தாள். வயது ஐம்பத்தெட்டு. வெண்பா ஓடிப்போய் விசாரித்து, ஓடிவந்து, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். டாக்டர் மெக்கென்னா கேட்டாள்: “இந்த வயதில் இப்படி வருகிற பெண்ணுக்கு முதலில் என்ன பார்ப்பாய்?”

“ஈசிஜி” என்றாள் வெண்பா பட்டென்று. “பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகத்தான் வரும் என்றில்லை. தாடையில் வரலாம், முதுகில் வரலாம், அஜீரணம் மாதிரி...”

அதோடு வாய் நின்றுவிட்டது. பாடம் தலைகீழாகத் தெரியும் அவளுக்கு. பரீட்சையில் கேட்டால் தூக்கத்திலும் சொல்லியிருப்பாள். சமையல் கட்டில் கேட்டபோதுதான் காதில் விழவில்லை.

கலாவதிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பசுபதிக்குப் போட்டாள்.

“கலாவா? நான் அர்ஜென்ட் கேர் க்ளினிக் போலாம்னுதான் சொன்னேன்மா” என்றார் அவர், ஆபீசிலிருந்து. “டாக்டர் பாத்து கேஸுன்னு சொல்லிருச்சு, நீங்க ட்ரெயினப் புடிங்கன்னு தொரத்தி உட்டுட்டா. ஏம்மா, என்னாச்சு?”

‘டாக்டர் பாத்து’ என்கிறார். பாவி, எங்கே பார்த்தாள்?

திரும்பினால் டாக்டர் மெக்கென்னா நிற்கிறாள். “என்ன விஷயம்?”

வீட்டில் அவசரம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். யாரும் துருவப்போவதில்லை. ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது, நாளைக்குக் கடிதம். வெண்பாவின் புத்தி அந்த வரியைத் தயார்செய்தே வைத்திருந்தது. ஆனால் கலாவதியின் அறிகுறிகளைச் சொல்லச் சொல்ல, டாக்டர், “காலையில் அவரைப் பார்த்தது யார்?” என்றாள்.

“நான்தான். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஷூ மாட்டிக்கொண்டே கேஸ் என்று சொன்னேன். என்னால்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.”

டாக்டர் போனைக் கையில் எடுத்தாள். “ஆம்புலன்சுக்கு நான் சொல்கிறேன். நீ அவரைப் போனில் பிடி” என்றாள்.

மூன்றாவது தடவை கலாவதி எடுத்தாள். பேச்சில் மூச்சு இரைத்தது.

“ஆம்புலன்ஸா? ஐயோ, வேண்டாங்கண்ணு. சைரன் போட்டுட்டு வந்தா காம்ப்ளெக்ஸே பால்கனிக்கு வந்துரும். சாயங்காலம் நீ வந்து பாரு, போதும். காலைலயே நீ பாத்துட்டியே.”

வெண்பாவுக்குத் தமிழ் புரியும், பேச்சு வராது. இருபத்தாறு வருஷமாக அம்மாவுக்கே இங்கிலீஷில்தான் பதில். இப்போது நர்சுகள் பார்க்க, நோயாளிகள் பார்க்க, அந்தத் தமிழிலேயே கத்தினாள்.

“நான் பாக்கல ஆன்ட்டி! நான் சொன்னது தப்பு. கேஸ் இல்ல, ஹார்ட்டா இருக்கும். நான் டாக்டர் இல்ல. ஸ்டூடன்ட். எனக்குத் தெரியாது. ப்ளீஸ் ஆன்ட்டி, கதவத் தொறந்து வெச்சுட்டு ஒக்காருங்க.”

“டாக்டர் இல்லியா நீ?” என்றாள் கலாவதி. பயத்தைவிட ஏமாற்றம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

மாரடைப்பேதான். ஆம்புலன்சிலேயே ஈசிஜி எடுத்து அனுப்பிவிட்டார்கள். கலாவதியை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போய், அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இவ்வளவு நேரம் தாமதித்ததில் இதயத்தில் ஒரு பகுதி கெட்டிருக்கிறது, எவ்வளவு என்று போகப்போகத்தான் தெரியும் என்றார்கள். வெண்பாவை உள்ளே விடவில்லை. இன்றைக்கு நீ வீட்டு ஆள், வெளியே இரு என்று டாக்டர் மெக்கென்னா சொல்லிவிட்டாள். ஓடிப் பழகின கால்கள் வராந்தாவில் ஓரிடத்தில் நிற்காமல் தவித்தன.

சிறிது நேரம் கழித்து டாக்டரே வந்தாள்.

“கடிதத்தில் காலை ஆறு மணிக்கு நடந்ததையும் எழுதுவேன். ஒன்பதரைக்கு நடந்ததையும் எழுதுவேன்” என்றாள்.

எதை அழுத்தி எழுதுவீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. வெண்பா கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள்.

பசுபதி லாப்டாப் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து சேர்ந்தார். நேராக வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“நீ மட்டும் போன் பண்ணலீன்னா என்னாயிருக்கும்மா? நீ எங்க குலசாமி.”

சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். வெண்பா தலையை ஆட்டினாள்.

“இல்ல அங்கிள். அர்ஜென்ட் கேர் போலாம்னு நீங்க சொன்னதுதான் கரெக்ட். காலைல நான் ரெண்டு நிமிஷம் நின்னு கேட்டிருந்தா, அப்பவே வந்திருப்பாங்க. நான்தான் தடுத்தேன். ஐ’ம் சோ சாரி.”

அவர் அவள் கைகளை விட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் அவளைப் பார்க்காமலே பேசினார்.

“காலைல அவளுக்கு மொகமெல்லாம் வேர்த்து ஊத்துச்சும்மா. ஏசி ஓடுது, அப்படி வேர்க்குது. துண்டெடுத்துத் தொடச்சு உட்டதே நான்தான்.”

லாப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“தொடச்சு உட்டுட்டு, ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன்.”