எதிர்ப்பக்கம் ஆடிய எங்கள் வீட்டுப் பெண்

எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் என் தங்கைக்கு பிளக்ஸ் போர்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது, ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. "உன் தங்கச்சி இந்தியாவுக்குக் கபடி ஆடுதாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்ததால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. ஏனென்றால் என் தங்கை இந்தியாவுக்கு ஆடவில்லை. இந்தியாவை எதிர்த்து ஆடப் போகிறாள்.

இது எப்படி ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியை அடுத்த வல்லத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் கபடி ஆடுவது அப்போது புதுசு. என் தங்கை பள்ளிக்கூடத்தில் ஆடி, மாவட்டத்துக்கு ஆடி, அரசாங்க விளையாட்டு விடுதியில் சேர்ந்து, மாநிலத்துக்கும் ஆடினாள். ஒரு வருஷம் இந்திய அணிக்கு ஆள் எடுக்கிற முகாமுக்கும் கூப்பிட்டார்கள். எங்கள் நைனா, அதாவது அப்பா, அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு அடக்கம் எல்லாம் வராது. கடைசியில் அவளை எடுக்கவில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் நைனா கழனிக்குப் போய் இருட்டும் வரைக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் அவளுக்குப் புதுச்சேரியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கே பிரான்சு நாட்டுக் குடியுரிமை. கல்யாணமாகி அங்கே போனாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, இரண்டு பிள்ளைகள், குளிருக்கு மேலே மேலே போட்டுக்கொள்ளும் சொக்காய்கள் என்று அவள் வாழ்க்கை ஓடியது. சில வருஷம் கழித்து நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கினாள். நைனா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "காகிதந்தானே, பீரோவுல வெச்சிப் பூட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது" என்றார்.

ஆனால் அவளுக்குக் கை கால் சும்மா இருக்காது. கூட வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று கிடைத்தவர்களை எல்லாம் இழுத்துப் போய் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூடத்தில் கபடி சொல்லிக் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு அணி உண்டாகி, பெண்கள் கபடியில் பல நாடுகள் கூடி ஆடும் ஒரு போட்டிக்கு அந்த நாட்டின் பேரிலேயே போகிற அளவுக்கு வந்துவிட்டது. முதல் ஆட்டமே இந்தியாவோடு.

இதை அவள் போனில் சொன்னபோது, வாழ்த்துச் சொல்வதற்குப் பதிலாக நான் சண்டைக்குப் போனேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "உனக்கு ஆஸ்டல்ல தெனம் முட்டை போட்டு வளத்தது எந்த கவர்மெண்டுடி? பிரான்சு கவர்மெண்டா?" என்று கேட்டேன்.

"போடலன்னு நான் சொல்லலையே அக்கா. அந்த முட்டையாலதான் இன்னும் ஓடிக்கினு இருக்கேன்" என்றாள் அவள். "ஆனா இந்தப் பொம்பளைங்களுக்குக் கபடின்னா இன்னான்னே தெரியாது. நான்தான் கையப் புடிச்சி இட்டாந்தேன். இந்தியான்னதும் நான் மட்டும் ஒதுங்கிக்கினா நல்லாவா இருக்கும்? நைனாகிட்ட போனக் குடு. அவரு வேணாம்னா நான் பேரை எடுத்துடச் சொல்லிடறேன். சத்தியமா ஆடமாட்டேன்."

நைனா என் பக்கத்தில்தான் இருந்தார். அம்மா போன பிறகு தினமும் காலையில் டவுன் பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவது அவர் வழக்கம். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "அந்தச் சட்டையைப் போட்டுக்கினு நம்ம பொண்ணுங்க காலையே புடிச்சி இழுப்பாளா இவ?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று தெரியாததால் நான் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் போர்டு முளைத்தது. எங்கள் பக்கத்தில் காது குத்தலுக்கு ஒரு போர்டு, கல்யாணத்துக்கு ஒரு போர்டு, செத்தால் கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு போர்டு. ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்களுக்கு, அந்த அக்கா இந்தியா மேட்சில் ஆடுகிறார் என்று யார் மூலமாகவோ தெரிந்திருக்கிறது. நம் ஊரில் பிறந்த ஒருத்தி எதிர்ப்பக்கத்தில் நிற்கவும் கூடும் என்ற எண்ணம் ஒருத்தன் மண்டையிலும் உதிக்கவில்லை. கல்யாண ஆல்பத்திலிருந்து அவள் தலையை வெட்டி, எவளோ ஒரு வீராங்கனையின் உடம்பில் ஒட்டி, நெஞ்சில் மூவர்ணக் கொடியோடு 'இந்திய அணியின் சிங்கப்பெண்ணே' என்று போட்டுவிட்டார்கள். தலையில் முகூர்த்தப் பூ அப்படியே இருந்தது. கீழே கூலிங் கிளாஸ் போட்ட பையன்களின் முகங்கள் வரிசையாக.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடையைச் சாத்திவிட்டு, பையன்களை ஒரு பிடி பிடிப்பதற்காக அன்று சாயங்காலமே ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால், போர்டுக்கு எதிரே நைனா நிற்கிறார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். டீக்கடையிலிருந்து யாரோ, "இன்னா பெரியவரே, பொண்ணு சாதிச்சிடுச்சே!" என்று கூவினார்கள். நைனா தலையை ஆட்டினார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் ஆயுசு முழுக்கப் பார்க்க ஆசைப்பட்ட படம் அது. பொய்யாக இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பையன்களைத் திட்டாமலே திரும்பினேன்.

ஆனால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கை தினமும் கேட்டாள். "நைனா இன்னா சொன்னாரு?" நான் தினமும் ஒரே பதிலைச் சொன்னேன். "ஒன்னும் சொல்லல." அவள் குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. அணியில் அவள் பேரை உறுதி செய்ய வேண்டிய கெடுவும் வந்துவிட்டது. எனக்கு நைனா மேல் கோபம் திரும்பியது. சரி என்றாவது சொல்லலாம், கூடாது என்றாவது சொல்லலாம். இரண்டுமில்லாமல் பிள்ளையை இப்படியா தவிக்க விடுவது?

அப்போதுதான் அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். வேறு எதுவும் எழுதவில்லை, வீடியோ மட்டும். அந்தக் கூடத்தில் அவர்கள் பழகுகிறார்கள். பனைமரம் போல ஒரு வெள்ளைக்காரப் பெண் கபடி கபடி என்று பாடிக்கொண்டு போகிறாள். பாதியில் மூச்சு அறுந்துபோய் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று சிரிக்கிறாள். என் தங்கை வெளியிலிருந்து காட்டுக் கத்தலாக, "பாட்டை உடாதடி! எத்தினி வாட்டி சொல்றது, பாட்டை உடாத!" என்கிறாள். சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில். அந்தப் பெண்ணுக்கு அது புரிந்து, மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

நைனா அதைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். துணி வாங்க வந்தவர்கள் காத்திருக்க, அவர் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "அந்தப் பொண்ணையும் டி போட்டுத்தான் கூப்புடுறாளா? அதுக்குப் புரியுதும்மா, பாரேன். ஓடுது பாரு" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றது. "பெத்த புள்ளைங்க மாதிரி வெச்சிருக்கா. எப்படி உட்டுட்டு வருவா?" என்று சொல்லிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போனார். இவர் என்ன செய்யப் போகிறாரோ என்ற பயத்தில், பாதித் தையலை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.

நேராக மன்றத்துக்குத்தான் போனார். பையன்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "தம்பிங்களா, போர்டு தப்பு. எம் பொண்ணு இந்தியாவுக்கு ஆடல. எதிர்ல ஆடுறா" என்றார். அதைச் சொல்ல அவருக்கு என்ன கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "அப்ப போர்டை எடுத்துடலாமா பெரியப்பா?" என்று ஒருவன் கேட்டான்.

"எதுக்கு எடுக்கணும்? அவ நம்ம ஊருதானே. எழுத்தை மட்டும் மாத்து."

அந்த நாட்டுச் சட்டையும் நீலம்தான் என்பதால் பையன்களுக்கு வேலை மிச்சம். நெஞ்சிலிருந்த கொடியின் மேல் அந்த நாட்டுக் கொடியையும், 'இந்திய' என்பதன் மேல் 'பிரான்சு' என்பதையும் காகிதத்தில் அடித்து ஒட்டினார்கள். ஒருவன் மட்டும் விடவில்லை. "மேட்ச் அன்னிக்கு நாங்க யாருக்குக் கத்துறது?" என்றான்.

"இந்தியாவுக்குத்தான். அதுல இன்னா டவுட்டு?" என்றார் நைனா. கொஞ்சம் யோசித்து, "அவ பாடிப் போறப்ப மட்டும் யாரும் சத்தம் போடாதீங்க. மூச்சு கலைஞ்சிடும்" என்றார். கடல் தாண்டி நடக்கும் ஆட்டத்துக்கு இங்கே சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறாரே என்று ஒருத்தனும் சிரிக்கவில்லை. நான் அங்கிருந்தபடியே தங்கைக்குப் போன் போட்டு, "ஆடுடி" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். சும்மா சொல்லக் கூடாது, நடுரோட்டில் நின்று அழுதேன்.

ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமுதாயக் கூடத்து டீவியில் போனை இணைத்து வைத்திருந்தார்கள். அவித்த மல்லாட்டையை மடியில் கட்டிக்கொண்டு ஊரே வந்துவிட்டது. இரண்டும் நீலமாக இருக்கக் கூடாது என்பதால் பிரான்சு பெண்கள் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். களத்துக்குள் இறங்குமுன் அவர்கள் எல்லோரும், அந்தப் பனைமரப் பெண் உட்பட, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஏய், தொட்டுக் கும்புடுறாங்க பாரு!" என்று கூடத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். யாரும் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரிகள் அவர்களுக்காகக் கைதட்டினார்கள்.

மற்றபடி ஊர் ஒழுங்காக இந்தியாவுக்குத்தான் கத்தியது. இந்தியா அவர்களைப் போட்டு வெளுத்தது. தங்கை பாடிப் போகும்போது மட்டும் கூடம் கப்சிப். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுத குழந்தையை ஒருத்தி வெளியே தூக்கிக்கொண்டு ஓடினாள். தங்கை ஒரு தடவை தொட்டுவிட்டுத் தப்பி வந்தாள், அப்போதும் யாரும் கத்தவில்லை. மூச்சு மட்டும் விட்டோம்.

இரண்டாம் பாதியில் ஒரு தடவை அவள் இடது காலை உள்ளே நீட்டினாள். வலது மூலையில் நின்ற இந்தியப் பெண் பாய்ந்து கணுக்காலை அள்ளினாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அவ்வளவு சுத்தமான பிடி. நிசப்தமாக இருந்த கூடத்தில் ஒரே ஒரு ஆள், "புடிச்சிட்டாளுங்கடா!" என்று கத்திக்கொண்டு எழுந்து படபடவென்று கை தட்டினார்.

அது எங்கள் நைனா.

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கை அப்படியே நின்றது. பிடிபட்டுக் கிடப்பது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மன்றத்துப் பையன் ஒருவன் வந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

சாயங்காலம் அவள் வீடியோ காலில் வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, கண்ணில் களைப்பு. நானும் நைனாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவள் வாயைத் திறக்குமுன்னே நைனா, "உன்னைப் புடிச்சப்ப நான் கை தட்டிட்டேம்மா" என்று சொல்லிவிட்டார். "கத்திட்டேன். ஊரு முழுக்கப் பாத்துடுச்சி."

"இன்னா புடி நைனா அது! நம்ம பொண்ணுங்க நம்ம பொண்ணுங்கதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நைனாவும் சிரித்தார். இவர்கள் மேல் இத்தனை நாள் நான் எதற்குக் கோபப்பட்டேன் என்று இருந்தது எனக்கு. இரண்டு பேர் மேலும் ஆசை பொங்கிக்கொண்டு வந்தது.

நைனா மூக்கைச் சிந்தித் துடைத்தார். தெருக் கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, "அந்த வலது மூலைப் பொண்ணு உன் இடது கால் எப்ப வரும்னே பாத்துக்கினு இருக்குதும்மா. அடுத்த வாட்டி அந்தக் காலைக் காட்டி ஏமாத்து. அது பாயுறப்ப முதுவைத் தொட்டுட்டு ஓடியாந்துடு" என்றார். பிறகு என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இத நான் சொன்னேன்னு ரெண்டு பேரும் ஊர்ல யாருக்கும் சொல்லிடாதீங்க."