சாமான்மேல் ஒட்டிய ஸ்பானிஷ்

மரச்சாமான் கடைக்காரர், மரவாடி வைத்திருக்கும் தன் மனைவியின் தம்பிக்குத் தரவேண்டிய கடன் நாற்பதாயிரம். அன்று சாயங்காலத்துக்குள் தராவிட்டால் மரம் இழைக்கும் மெஷின் மைத்துனர் வண்டியில் ஏறிவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, ஒற்றை உளியோடு தொழிலுக்கு வந்து, ஊரில் பாதி வீட்டுக்குக் கட்டில் செய்து கொடுத்தவர் இவர். மெஷின் போனால் கையே போன மாதிரி.

புதிதாக விடுதி திறக்கும் ஸ்பானிஷ்காரம்மா அன்று காலை சாமான் பார்க்க வருவதாக ஏற்பாடு. மற்ற கடைக்காரர்கள் சைகை காட்டுவார்கள். இவர் பத்து நாள் முன்பே, அந்தம்மா பாஷையிலேயே பேசி அசத்தத் துணிந்தார். "எது எப்படியிருக்குன்னு சொல்ல ஏழெட்டு வார்த்தை போதும்ப்பா" என்று மகள் போனில் பார்த்து ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள். கிராந்தே பெரிசு, பெக்கேஞ்ஞோ சின்னது, நுவேபோ புதுசு, பியேஹோ பழசு, போனீத்தோ அழகு, ஃபேயோ அசிங்கம், ரோத்தோ உடைஞ்சது. அந்த எழுத்துகளைப் படம் போடுவதுபோல் சீட்டுகளில் வரைந்தார். புதுச் சாமான், பழுதுபார்க்க வாங்கிய பழஞ்சாமான் என்று எதையும் விடாமல், பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்ய அததற்குப் பொருத்தமாக ஒட்டினார். பொய்யாக ஒட்டினால் தப்பாக மனதில் பதியுமே! ஒரே வாரத்தில் தலைகீழாய்ச் சொன்னார். சீட்டுகளைக் கிழிக்கத்தான் மறந்துபோனார்.

"பியேஹோ" என்று அலமாரிமுன் நின்று அந்தம்மா உரக்க வாசித்தபோதுதான் கிழிக்காத சீட்டுகள் அவர் கண்ணில் பட்டன. அடுத்து பெஞ்சு: "ரோத்தோ!" பிறகு நிலைக்கண்ணாடி: "ஃபேயோ!"

காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்த மைத்துனர் விஷயத்தை மகளிடம் கேட்டுச் சிரித்தார். "விக்கிற சாமானுக்கு நீங்களே வசை எழுதி ஒட்டியிருக்கீங்களா, அத்தான்? ரொம்ப நல்ல வியாபாரம்!"

கடைக்காரர் பாய்ந்துபோய் மெருகு போட்ட சோபாவைத் தட்டி, "நுவேபோ! போனீத்தோ!" என்றார். அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு மகளுடைய போனில் மளமளவென்று ஏதோ பேசினாள். போன் அதைத் தமிழில் மாற்றிச் சொன்னதைக் கேட்ட மகள் கண்ணை விரித்தாள்.

"அப்பா, மத்த கடையில எல்லாத்தையும் புதுசு, அழகுன்னே சொன்னாங்களாம். உடைஞ்சதை உடைஞ்சதுன்னு சொன்ன கடை இது ஒண்ணுதானாம். விடுதியே பழைய கட்டடமாம். பியேஹோன்னு ஒட்டின அத்தனையும் வேணுமாம்!"

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். அது கால் ஒடிந்த பெஞ்சு என்பது விழுந்த பிறகுதான் உறைத்தது.

"கண்ணாடியும் வேணுமாமா?" என்றார் தரையிலிருந்தபடி.

"அது வேண்டாமாம்ப்பா. நிஜமாவே ஃபேயோவாம்."

அறுபதாயிரம் முன்பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு அந்தம்மா கிளம்பினாள். மைத்துனருக்குத் திறந்த வாய் மூடவில்லை. "அத்தான்... நெசமாவா?"

"வாயை மூடு, கையை நீட்டு."

விரிந்த அந்த உள்ளங்கையில் நாற்பதாயிரத்தையும் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார்.