ஏழு நாற்காலிகளும் எங்களுக்கே

சி பிளாக்குக்குத் தண்ணீர் போகாமல் செய்தவன் நான். அதற்காக எந்த வால்வையும் தொடவில்லை. சங்கத் தேர்தல் விதியில் ஒரு வரியைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் குடியிருப்புக்கு மூன்று பிளாக். ஏ-யில் இருபத்திரண்டு வீடு, பி-யில் பதினெட்டு, சி-யில் இருபது. ஏ, பி இரண்டிலும் என்னைப் போல எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களும் மென்பொருள்காரர்களும். சி-யில் லிஃப்ட் கிடையாது; லாலாகுடா ரயில்வே பட்டறைக்காரர்கள் அதிகம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தொட்டியில் விழும் தண்ணீரை மோட்டார் முதலில் ஏ-க்கு ஏற்றும், பிறகு பி, கடைசியில் சி. கோடையில் சி-யின் முறை வருவதற்குள் தொட்டி காலி. இந்த வரிசையை வாராவாரம் மாற்றச் சொல்லி, சி பிளாக் மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ஃபிட்டர் கமிட்டியில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். குடம் குடமாக அவர்தான் மேலே தூக்க வேண்டும்.

"வால்வைத் திருப்ப அரை நிமிஷம் ஆவாது சார். காய்கு, எதுக்கு இவ்ளோ யோசனை?" என்பார்.

கமிட்டியில் இருந்த பி பிளாக்கின் இரண்டு பேர் அவர் பக்கம் சாயத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் சேர்ந்தால் வரிசை மாறிவிடும்; அது எனக்குப் பிடிக்கவில்லை.

கமிட்டிக்கு ஏழு பேர். வீட்டுக்கு ஒரு ஓட்டு, ஒரு பெயர்; அதிகம் வாங்கிய ஏழு பேர் வருவார்கள். அதனால் சி-க்கு எப்போதும் இரண்டு இடம் கிடைத்துவிடும். தலைவனாக இருந்த நான், இனி ஒவ்வொரு வீடும் ஏழு பெயருக்கு டிக் போடலாம் என்று மாற்றினேன். "எல்லாருக்கும் ஏழு டிக். இதைவிடச் சமம் உண்டா?" என்று பொதுக்குழுவில் கேட்டேன். கை தட்டினார்கள். முந்தின நாளே தாளில் போட்டுப் பார்த்திருந்தேன். ஏ-யும் பி-யும் ஒரே ஏழு பேருக்குப் போட்டால் ஆளுக்கு நாற்பது. சி-யின் ஆட்களுக்கு இருபதைத் தாண்டாது.

தேர்தலில் அப்படியே வந்தது. தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பதால் மூன்று முறை எண்ணினேன். பிழையே இல்லை. ஜிலேபி தின்றுகொண்டிருந்தபோது ஃபிட்டர் வந்தார்.

"எண்ணிக்கை சரிதான் சார். இருபது வீட்டுக்கு ஒரு நாற்காலிகூட இல்லையா?"

"அதுதான் ஜனநாயகம்," என்றேன், பாகு ஒழுகிய விரலை நக்கிக்கொண்டே.

ஏப்ரலில் ஒரு காலை, குளித்துவிட்டுப் பால்கனியில் நின்றேன். எதிரே சி படிக்கட்டில் அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றார். வெகுநேரம் குடத்தைத் தொடவில்லை. என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வால்வு வரிசையை மாற்றலாம் என்று கமிட்டியில் சொன்னேன். ஆறு பேரும் சிரித்தார்கள். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, நான் போட்ட கணக்கைச் சொல்லி, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு ஓட்டோ அந்த அளவுக்கு இடம் என்ற புது விதியை வைத்தேன்.

"ஜெயிச்சவன் எதுக்கு அங்கிள் பங்கு குடுக்கணும்? நாட்டு எலெக்‌ஷனே இப்படித்தானே?" என்றார் ஏ பிளாக் மென்பொருள்காரர் ஒருவர்.

"அங்கயும் நாறத்தான்யா செய்யுது," என்றேன்.

எதிராக முப்பத்தொன்பது கைகள். ஆதரவாக சி-யின் இருபதும் என்னுடையதும். பதவியை விட்டேன்.

அடுத்த ஆண்டு, வாடகை வரும் செல்போன் டவர் யார் மொட்டைமாடியில் என்று ஏ-க்கும் பி-க்கும் சண்டை. மூன்று பிளாக்கும் தனித்தனியாக நின்றன. வெறும் இருபத்திரண்டு ஓட்டில் ஏ ஏழு இடங்களையும் அள்ளியது. மீதி முப்பத்தெட்டு வீட்டுக்கு ஒன்றுமில்லை. அன்று மாலையே பி பிளாக்காரர்கள் என் வாசலில் நின்றார்கள்.

"சார், போன வருஷம் ஒரு பேப்பர் வச்சீங்களே, காப்பி இருக்கா?"

துரத்தத் தோன்றியது. கொடுத்தேன். சி-யோடு சேர்ந்து நிறைவேற்றினார்கள். இப்போது ஏ-க்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. வரிசை வாராவாரம் மாறுகிறது.

ஃபிட்டர் அதற்குள் வீட்டை விற்றுவிட்டு லாலாகுடாவில் கீழ்த்தளத்தில் வாடகைக்குப் போயிருந்தார். போய்ச் சொன்னேன்.

"நல்லது சார். எங்க வீட்டை வாங்கினவங்க குளிப்பாங்க."

மன்னிப்புக் கேட்டேன். "நக்கோ சார், வேணாம், அதெல்லாம் எதுக்கு," என்று எழுந்து போய், ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அவர் மனைவி இருமுவது கேட்டது. முழுவதும் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி வரச் சொல்லி அவர் கூப்பிடவில்லை.