சாயம் காயாத படம்

இது நடந்தது. எங்கள் பொர்த்தோசெக்கோ ஊரில் நன்றாகப் பொய் சொல்பவர்களை நகர மன்றத்துக்கு அனுப்பிவிடுவோம். நான் ஒரு தேர்தலிலும் நின்றதில்லை.

1974 அக்டோபர். சிசிலிக் கரையில் பக்கத்து ஊர்க்காரர்கள் ‘இரண்டாயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழைமை’ என்று பலகை வைத்துவிட்டார்கள். எங்களுக்கு மூவாயிரமாவது வேண்டாமா? ஊர் வரலாறு எழுதும் வேலை பள்ளி வாத்தியாரான என் தலையில் விழுந்தது. மாலுமிகள் கோயிலின் இடதுபக்கச் சுவரில் தொங்கிய நேர்த்திக்கடன் படங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். புயலில் பிழைத்தவன் வெறுங்காலோடு வந்து, தன் படகையும் மாதாவையும் வரைந்த பலகையைக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

மனம் அதில் இல்லை. அண்ணன் நுன்ஸியோவின் ‘ஸ்டெல்லா’ திரும்ப வேண்டிய நாள் கடந்து நான்கு நாளாகிவிட்டது. படகில் ஐந்து பேர்.

ஊரே சாப்பிட்டுக் கதவடைத்துத் தூங்கும் வேளை. கோயில்பிள்ளை கலோஜெரோவும் கிளம்பினார்.

“வாத்தியாரே, வெளிய பூட்டிக்கறேன். நாலு மணிக்கு வருவேன். அதுக்குள்ள இன்னொரு ஐநூறு வருஷம் சேத்து எழுதிருங்க.”

மணி இரண்டு பத்து.

சப்... சப்...

கல்தரையில் ஈரக் காலடி ஓசை. திரும்பினேன். யாருமில்லை.

சப்... சப்... என்னைக் கடந்து போனது. டீசல் வாடை.

டக். டக். டக்.

ஆணி அறையும் ஓசை.

சுவரில் புதிதாக ஒரு படம். ‘ஸ்டெல்லா’. ஐந்து பேர் மண்டியிட்டிருந்தார்கள்.

தொட்டேன். சாயம் விரலில் ஒட்டியது.

பயந்திருக்க வேண்டும். நானோ சந்தோஷத்தில் அழுதேன். பிழைத்தவனுக்குத்தானே படம்.

நான்கு மணிக்குக் கதவு திறந்ததும் ஓடினேன்.

“அண்ணி, அண்ணன் தப்பிச்சிட்டாரு. சமைங்க.”

“நெசமாவா? உங்க பொஸ்தகத்துல எழுதற மாதிரி இல்லியே?”

“படத்தப் பாத்தேன் அண்ணி.”

அண்ணி அகத்தா மத்தி மீன் போட்டுப் பாஸ்தா கிளறினார். மற்ற நான்கு வீடுகளுக்கும் ஆள் அனுப்பினார். அன்றிரவு ஐந்து வீட்டு மேசைகளிலும் கூடுதலாக ஒரு தட்டு.

காலையில் துனீசியக் கரையிலிருந்து செய்தி வந்தது. ஐந்து உடல்கள். நான்கு நாள் ஊறியவை. அந்தத் தட்டுகளை யார் எடுத்து வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

கலோஜெரோவிடம் போனேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“பொழச்சவங்க குடுக்கற படத்த வலது சுவத்துலதான் மாட்டுவேன், வாத்தியாரே.”

“அப்ப இடது பக்கம்?”

“எரநூத்திப் பதினெட்டு இருக்கு. அறுவது வருஷமா சாவி என்கிட்டதான்... அந்தச் சுவத்துல ஒரு ஆணிகூட நான் அடிச்சதில்ல.”